குளியலறை நிலை

பக்கவாதம் வந்த மாமனாரை ஆஸ்பத்திரியிலிருந்து சங்கரன்கோவில் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். அவருடைய சக்கர நாற்காலி குளியலறை வாசலில் நுழையவில்லை. ஈரத்துணியால் துடைத்தே நாள்கள் போயின. துபாயில் தச்சுவேலை பார்க்கும் என் கணவர் லீவில் வந்தபோது வாங்கிய ரம்ப மெஷின் வீட்டில் இருந்தது. வாசல் நிலையின் ஒரு பக்கக் கட்டையை நானே அறுக்கத் துணிந்து, கணவரை வீடியோவில் கூப்பிட்டேன்.

மெஷினோடு இருந்த பிளேடுகளில் பெரிய பல் உள்ளதைக் காட்டினேன்.

“அது மரக்கிளை வெட்ட. நிலைக்குள்ள ஆணி இருக்கும், பல்லு போயிரும். பொடிப்பல்லு இரும்புக் குழாய்க்கு. ரெண்டுக்கும் நடுவில உள்ளதைப் போடு. மெஷினை மரத்தோட அழுத்திப் பிடி.”

ஆணியில் பட்டுக் கிறீச்சிட்டாலும் பிளேடு தாங்கியது. கட்டை கழன்று விழுந்தது. மாமாவை உள்ளே தள்ளிப்போய்த் தலையில் வெந்நீர் ஊற்றினேன்.

“நல்லாருக்கு தாயி,” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

“அப்புறம் பேசுதேங்க,” என்று அழைப்பைத் துண்டிக்கப் போனை எடுத்தேன்.

“வச்சிராத. அப்பா குளிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கிட்டு இருக்கேன்,” என்றார் கணவர்.

பிரிவில் ஏங்குவது நான் மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். போனை ஜன்னலில் சாய்த்து வைத்துவிட்டு, அடுத்த செம்பை மெதுவாக ஊற்றினேன்.