அந்த நோனாவுடன் வந்தவர்

மனித மனம் ஒரு கணக்குப் பொறி என்று வெள்ளவத்தை மண்டபமொன்றில் நாற்பது நிமிடம் பேசினேன். நாற்பது என்றால் நாற்பதுதான். நேரம் தவறக் கூடாது என்று வீட்டு அலாரம் மணிக்கூட்டையே கொண்டுபோய் மேசையில் வைத்திருந்தேன். பேசும்போது கையைத் திருப்பித் திருப்பி நேரம் பார்ப்பவர்களை எனக்குப் பிடிக்காது.

யுத்த காலம். ஒரு கப்பல் கம்பனியில், அப்போதுதான் வந்திறங்கிய கணனிகளுக்கு நான் பொறுப்பாக இருந்தேன். ஒரு புரோகிராமை எழுதி, அது தானாக ஓடுவதைப் பார்த்த பிறகு, மனத்தைப் பற்றிய பழைய பேச்சுகள் எல்லாம் எனக்குப் புகையாகத் தெரிந்தன. கண்ணும் காதும் தகவலை உள்ளே அனுப்புகின்றன. உள்ளே விதிகள் இருக்கின்றன. விதிப்படி ஒரு விடை வெளியே வருகிறது. பயம், பாசம் என்பவை அந்த விடைகளுக்கு நாம் வைத்த பெயர்கள். இதைத்தான் சொன்னேன். அறுபது கதிரைகளில் முப்பத்தெட்டில் ஆட்கள் இருந்தார்கள். மூன்றாம் வரிசை ஓரத்தில் என் மனைவி.

முடிந்ததும் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் எழுந்தார்.

"ஐயா, அப்ப எங்கட மனிசிமாரும் மெசினோ? அப்பிடியெண்டா நிப்பாட்டுற சுவிட்ச் எங்க இருக்கெண்டு சொல்லுங்கோ. முப்பது வருசமாத் தேடுறன்."

மண்டபம் சிரித்தது. நானும் சிரித்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் விளக்கம் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. சுவிட்ச் இல்லை, ஆனால் புரோகிராம் எழுதலாம் என்றேன். என் மனைவி யாழ்ப்பாணத்தில் பிறந்தவள், சிங்களம் வராது, அதனால் வெளியே போகும்போது நடக்க ஐந்து விதிகள் கொடுத்திருக்கிறேன் என்று விரல் மடக்கிச் சொன்னேன். பொட்டை வீட்டிலேயே அழிப்பது. பஸ்ஸில் தனித்தனியாக இருப்பது. வெளியில் தமிழ் பேசாதிருப்பது. அடையாள அட்டையைக் கைக்கெட்ட வைத்திருப்பது. ஒருவரை மறித்தால் மற்றவர் திரும்பிப் பாராமல் போய், வெளியே இருந்து உதவி தேடுவது.

"முதல் மாசம் யோசிச்சு யோசிச்சுச் செய்தா. இப்ப யோசிக்கிறதே இல்லை. தானா ஓடுது."

முப்பத்தேழு பேரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவள் பையின் காதைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

கிளம்பும்போது மணிக்கூட்டைத் துவாய் ஒன்றில் சுற்றி அவளுடைய பைக்குள் வைத்தேன். என் பையில் பேச்சுக் குறிப்புகள் இருந்தன. அவை கசங்கக் கூடாது.

கொட்டாஞ்சேனைக்குப் போகும் பஸ்ஸை, காலி வீதி என்ற பெருந்தெருவில், ஒரு சோதனைச்சாவடியில் மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. நான் கொழும்பில் பிறந்தவன். அட்டையிலும் அப்படித்தான் இருக்கிறது, என் சிங்களத்திலும் குறை சொல்ல முடியாது. விரைவாக விட்டுவிட்டார்கள். பஸ்ஸில் ஏறக் காலைத் தூக்கியபோது பெண்கள் பக்கமிருந்து பொலிஸ்காரியின் குரல் உயர்ந்தது.

"மேக்க மொகக்த?"

இது என்ன என்று கேட்கிறாள். எதைக் கேட்கிறாள் என்று எனக்கு உடனே தெரிந்தது. துவாய்க்குள் என் மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. அந்த நாட்களில், ஒரு தமிழ்ப் பெண்ணின் பைக்குள், சுற்றி வைத்த ஒரு மணிக்கூடு.

"இஞ்சாருங்கோ!"

என்னைக் கூப்பிட அவளிடம் இருந்த ஒரே சொல் அது. வீட்டில் ஒரு நாளைக்கு இருபது தடவையாவது கேட்கும். நான் திரும்பவில்லை. ஏறி, என் இடத்தில் உட்கார்ந்தேன்.

சற்று நேரத்தில் நடத்துனர் படியில் நின்று உள்ளே தலையை நீட்டினார். அவள் தெரிந்த இரண்டு சிங்களச் சொற்களில், மணிக்கூடு கணவருடையது, கணவர் பஸ்ஸில் இருக்கிறார் என்று சொல்லியிருக்க வேண்டும்.

"ஏ நோனாகே மாத்தயா கவுத?"

அந்த நோனாவின், அதாவது அந்த அம்மாவின், கணவர் யார் என்பது கேள்வி. நான் ஜன்னலுக்கு வெளியே மணல் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அடி வரிசையில் பதினொன்று. நடத்துனர் இறங்கிப்போய், அப்படி ஒருவரும் இல்லை என்று சொன்னார். இப்போது அவள் பொய்காரியும் ஆகிவிட்டாள்.

பயணிகள் முணுமுணுத்தார்கள். பஸ்ஸை எடுக்கச் சொன்னார்கள். நோனா வராமல் பஸ் போகாது என்று நடத்துனர் சத்தம் போட்டார். எனக்கு அவர் யாரோ, அவளுக்கும் அவர் யாரோ. வயதான அதிகாரி ஒருவர் வந்து மணிக்கூட்டின் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தார். சாவியைத் திருப்பினார். அலாரம் அடித்தது. சுற்றி நின்றவர்கள் துள்ளி விலகினார்கள், பிறகு யாரோ சிரித்தார், பிறகு அதிகாரியும் சிரித்தார். அவளைப் போகச் சொன்னார்கள்.

அவள் ஏறி, இரண்டாவது விதிப்படி, முன்னால் காலியாயிருந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்து மணிக்கூட்டை அலுமாரிக்கு மேல், அதன் பழைய இடத்தில் வைத்தாள்.

"ஐஞ்சாவது வடிவா ஓடினது," என்றாள்.

"நான் எழும்பியிருந்தா ரெண்டு பேரையும் கொண்டு போயிருப்பாங்கள். நீர் யோசிச்சுப் பாரும். வெளியில ஒருத்தர் இருக்க வேணுமெல்லே?"

"ஓம், யோசிச்சுப் பாத்தனான். கணக்குச் சரிதான்." பிறகு கேட்டாள்: "இடியப்பம் இருக்கு, சூடாக்கட்டே?"

பயத்தால் அப்படிச் செய்தேன் என்று சொல்ல முடிந்தால் எனக்கு ஆறுதலாக இருக்கும். பயம் பிறகுதான் வந்தது. அவள் கூப்பிட்ட கணத்தில் உள்ளே ஒரு கணக்கு ஓடி முடிந்தது; எனக்குத் தெரிவதற்கு முன்னரே விடை காலுக்குப் போய்விட்டது. நான் மண்டபத்தில் சொன்னபடியே. அந்தக் கணக்கை எத்தனையோ தடவை திருப்பிப் போட்டுப் பார்த்திருக்கிறேன். பிழை அகப்படவில்லை. விடை சரியென்றால், அன்றிரவு இடியப்பத்தைத் தட்டில் விட்டுவிட்டு நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது எதற்காக? வெட்கமும் ஒரு கணக்காக இருக்கலாம், மற்றதை விட மெதுவாக ஓடுவது. மனம் ஒரு பொறி என்பதை நான் இன்னும் கைவிடவில்லை. கைவிட்டால் வசதியாக இருக்கும்; அதனாலேயே கைவிடப் பயப்படுகிறேன்.

ஆனால் தானாக ஓடுவது என்று நான் முப்பத்தேழு பேருக்குக் காட்டியது அவளை. அந்தச் சாவடியில் மூன்றாவது விதியை மீறித் தமிழில் கத்தியவளும் அவள்தான். தங்குதடையில்லாமல் ஓடியது நான்.

அதற்குப் பிறகு வீட்டுக்கு வெளியே அவள் என்னை 'ஹலோ' என்றுதான் கூப்பிடுகிறாள். வீட்டில் பழைய சொல். வாசல் தாண்டினால் 'ஹலோ', தெரியாத ஆளைக் கூப்பிடுவதுபோல. யுத்தம் முடிந்த பிறகு ஒருநாள், வெள்ளவத்தை மரக்கறிச் சந்தையில் கேட்டேன்.

"இப்ப ஆர் மறிக்கிறது? ஏன் இன்னும் ஹலோ?"

"பழகிப் போச்சு," என்றாள், கத்தரிக்காயைத் திருப்பிப் பார்த்தபடி. "நீங்கள்தானே சொன்னனீங்கள், தானா ஓடும் எண்டு."

அவள் முகத்தைப் பார்த்தேன். குத்தலா, உண்மையா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. இப்போதும் சந்தையில் அவள் 'ஹலோ' என்றால் இரண்டு மூன்று பேராவது திரும்பிப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு முந்தித் திரும்பிவிட வேண்டும் என்பதில் நான் கவனமாக இருக்கிறேன்.