அண்ணனும் சாமியாரின் தகரக் கிண்ணமும்

அண்ணனின் முதலாண்டு நினைவுக்கு வந்து இம்மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கையின் வணக்கம். அண்ணன் கோயிலுக்குச் செய்ததையும் பள்ளிக்கூடத்துக்குச் செய்ததையும் மற்றவர்கள் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். எனக்குக் கொடுத்த பக்கங்களில் அவர் ஒரு நாயை வளர்த்ததையும் இழந்ததையும் எழுதப் போகிறேன். நினைவு மலரில் நாய்க்கதையா என்று முகம் சுளிப்பவர்கள் தாராளமாகப் பக்கத்தைத் தள்ளிவிடலாம். அண்ணியிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுதும்மா, அதை விட்டுட்டு எழுதினா அவரைப் பத்தி எழுதின மாதிரியே இருக்காது" என்று அவர் சொல்லிவிட்டார்.

அண்ணன் கும்பகோணத்துக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் பிறந்தார். எங்கள் தகப்பனார் கல்யாண வீடுகளில் சமைப்பவர். அவர் கண்ணை மூடியபோது அண்ணனுக்கு மீசைகூட அரும்பவில்லை. கரண்டி அவர் கைக்கு வந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறி, மலாயாவில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் இறங்கி, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே ஊழியர்கள் சேர்ந்து நடத்திய சமையற்கட்டில் ஆறு வருஷம் அடுப்பின் முன்னால் நின்றார். ஊரில் என் கல்யாணம் அந்த அடுப்புச் சூட்டில் அவர் சம்பாதித்து அனுப்பிய பணத்தில்தான் நடந்தது. பிறகு கிள்ளானுக்கு வந்து சைவச் சாப்பாட்டுக் கடை வைத்தார். நான் கணவரை இழந்தபோது ஆறுதல் கடிதம் எதுவும் போடாமல் நேரே ஊருக்கு வந்து, என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அன்றிலிருந்து நான் அவர் வீட்டுப் பெண். அப்படி அல்ல என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றும்படி அவரோ அண்ணியோ நடந்ததில்லை.

அவருடைய சைவம் கொஞ்சம் கடுமையான சைவம். மீன்கூடைக்காரர் கடை வாசலில் கூடையை இறக்கி மூச்சு வாங்கினால், அவர் போனபின் அந்த இடத்தில் அண்ணன் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றுவார். ஆனால் கூடைக்காரருக்கு முதலில் மோர் கொடுப்பார். வாளி அதற்குப் பிறகுதான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

கிள்ளானுக்குப் பக்கத்து மேரு என்ற ஊரிலிருந்து காய்கறி ஏற்றிவந்த மாட்டு வண்டியில், பூசணிக்காய்களுக்கு நடுவே ஒரு நாய்க்குட்டி வந்து சேர்ந்தது. வண்டிக்காரருக்கே தெரியாது. காய்கறியோடு வந்ததால் அதுவும் நம் இனம்தான் என்று அண்ணன் தீர்ப்புச் சொல்லி, ஒரு தகரக் கிண்ணத்தில் தயிர்சாதம் வைத்தார். அதுவும் சாப்பிட்டது. பருப்பு, அவியல், உளுந்துவடை எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சாப்பிட வருகிறவர்கள் அதற்குச் சாமியார் என்று பெயர் வைத்தார்கள். அண்ணனுக்கு அதில் தாங்க முடியாத பெருமை. புதிதாக யார் வந்து உட்கார்ந்தாலும், இலை போடுவதற்குள் "நம்ம கடையில நாய்கூடச் சைவம்" என்று சொல்லிவிடுவார். போர்ட் சுவெட்டன்ஹாம் வரைக்கும் அந்தப் பேச்சு போயிருந்தது. அந்தப் பேச்சைக் கேட்டே கடை தேடி வந்தவர்களும் உண்டு.

எட்டாவது வருஷம் சாமியாரின் தாடைக்குக் கீழே ஒரு கட்டி வந்தது. மஞ்சள் பற்றுப் போட்டோம். வேப்பிலை அரைத்துக் கட்டினோம். கட்டி பெருத்தது. அண்ணன் அதைக் கோலாலம்பூரில் இருந்த மாட்டு டாக்டரிடம் ரயிலில் கொண்டு போனார். நாயை ரயில் கார்டு இருக்கும் பெட்டியில்தான் ஏற்ற வேண்டும் என்பது சட்டம். கார்டு யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் கடையில் சாப்பிடுகிறவர். அது தனியாகப் பயந்து போகும், நீங்களும் இதிலேயே இருங்கோ என்று அண்ணனையும் தம் பெட்டியிலேயே உட்கார வைத்துக்கொண்டாராம்.

திரும்பி வந்த அண்ணன், சாதாரணக் கட்டிதான், மருந்து போட்டால் ஆறிவிடும் என்றார். அன்று ரசத்தில் உப்பு இல்லை. அவர் கைப் பக்குவத்தில் உப்புக் குறைந்து நான் கண்டதே இல்லை. அண்ணியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகு சாமியார் தயிர்சாதத்தை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. பார்க்கப் பொறுக்கவில்லை. நான் செய்ததை முதலில் சொல்கிறேன். காய் வாங்கப் பாசார் சந்தைக்குப் போனபோது முட்டை வாங்கி, முந்தானையில் முடிந்து கொண்டுவந்து, பின்சந்தில் வைத்து உடைத்துக் கொடுத்தேன். ஏகாதசி விரதம் இருக்கும் விதவை நான். அது நக்கிக் குடித்தது. நான் ஓடிப்போய்த் தலைக்குக் குளித்தேன்.

அந்த மாதம் எங்கள் குழாயடி ஓயவேயில்லை. மத்தியானம் அண்ணி இரண்டாம் தடவை குளிப்பார். அடுப்புச் சூடு என்பார். சாயங்காலம் சாமியாரை ஆற்றங்கரைப் பக்கம் நடத்திக்கொண்டு போய்விட்டு வந்ததும் அண்ணன் குளிப்பார், வெயில் என்பார். மழை பெய்த நாளிலும் வெயில் என்றார். நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. மூன்று பேரும் இரண்டு வேளை குளித்தோம், ஒருவரும் ஒருவரைக் கேட்கவில்லை. கேட்டால் பதிலுக்குக் கேட்பார்களே என்ற பயம். சாமியார் மட்டும் தேறி, எழுந்து வாலாட்டியது. "தயிர்சாதத்துக்கு மிஞ்சின மருந்து இல்ல" என்று அண்ணன் சாப்பிட வந்தவர்களிடம் சொன்னார்.

ஒரு நாள் மத்தியானப் பந்தி. கடை நிறைந்திருந்தது. பக்கத்துக் கோப்பிக் கடையின் சீன முதலாளியான தவுக்கேயின் மனைவி, நாங்கள் சீன அக்கா என்று கூப்பிடுகிறவர், இரண்டு கையாலும் ஒரு கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு முன்வாசல் வழியாக நேரே உள்ளே வந்தார். ஆவி பறந்தது. கோழி வாசனையில் எல்லா இலையிலும் கைகள் நின்றன. சீன அக்கா தமக்குத் தெரிந்த தமிழில் அண்ணனிடம் சொன்னார்: "சாமியாருக்கு சூப். இன்னிக்கு உன் பொண்டாட்டி சுவருகிட்ட வரல லா. ஒடம்பு சரியில்லையோன்னு நானே கொண்டாந்தேன்."

அன்று அண்ணிக்குக் கை ஒழியவில்லை, தினமும் போல் பின்சுவருக்குப் போய் அவரிடம் சூப்பை வாங்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அண்ணி சாம்பார் வாளியோடு நின்ற இடத்திலேயே அழ ஆரம்பித்தார். எனக்கு உயிர் போய்விட்டது. அண்ணன் இருபது வருஷமாகச் சேர்த்த பெயர் அந்தக் கடை. சீன அக்காவைப் பார்த்து இது என்ன அநியாயம் என்று ஒரு வார்த்தை கத்தியிருந்தால் பெயர் தப்பியிருக்கும். பழி அண்ணியோடு போயிருக்கும்.

அண்ணன் தோளில் கிடந்த துண்டால் கையைத் துடைத்தார். போய் இரண்டு கையாலும் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார்.

"அவளை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க. நானும் தினம் ஆத்தங்கரையில மலாய்க்காரர்கிட்ட ஆட்டுச் சூப்பு வாங்கித்தான் தரேன். அவனுக்குப் புத்துநோய். ரெண்டு மாசம் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் நானும் முட்டையைச் சொல்லிவிட்டேன். யார் கேட்டார்கள் என்று தெரியவில்லை, சொல்லிவிட்டேன்.

முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த கோயில் பெரியவர் பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்துவிட்டு எழுந்தார். அவரோடு இன்னும் நாலைந்து பேர் எழுந்தார்கள். அண்ணன் தடுக்கவில்லை. அவர்கள் கை கழுவத் தாமே தண்ணீர் ஊற்றினார்.

கடை அடைத்த பிறகு மூவரும் அடுக்களையில் உட்கார்ந்தோம். அண்ணன்தான் முதலில், "ஒரே ஆளு வாங்கிக் குடுத்து, ஒரே ஆளு குளிச்சிருக்கலாமே" என்றார். அண்ணி அழுதுகொண்டே சிரித்தார். ஒரு மாதமாக மூன்று பேரும் தனித்தனியாகச் சுமந்ததை அன்று ஒன்றாக இறக்கி வைத்தோம். அதன்பின் மறைவு இல்லை. காலையில் அண்ணி புண்ணைக் கழுவுவார், பகலில் நான் ஈ விரட்டுவேன், சாயங்காலம் அண்ணன் மடியில் தலையை வைத்துக்கொண்டு சூப்பை ஊட்டுவார். சாமியார் நடக்க முடியாமல் போனபின் மலாய்க்காரரே சூப்பைக் கொண்டுவந்து பின்வாசலில் கொடுத்துவிட்டுப் போனார். பந்தியில் பாதி இடம் காலியாகத்தான் கிடந்தது.

ஒரு நாள் முற்பகலில், பலகாரம் முடிந்து சாப்பாட்டுக்கு உலை வைக்கும் நேரத்தில், சாமியார் அண்ணன் மடியிலேயே போய்விட்டது. அண்ணன் உலையை இறக்கி அடுப்பை அணைத்தார். கடை தொடங்கிய நாளிலிருந்து அந்த அடுப்பு பகலில் அணைந்ததில்லை. கதவு சாத்தியிருப்பதைப் பார்த்துவிட்டுக் கோயில் பெரியவர் பின்சந்து வழியாக வந்தார். அண்ணன் குழி வெட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "நாளைக்குக் கடையத் திறங்க. நான் வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தார். அண்ணன் அதற்குப் பிறகு யாரிடமும் நாய்ச் சைவம் பேசியதில்லை.

பின்னாளில் அண்ணனுக்கும் படுக்கை வந்தது. காய்ச்சல் விட்டுவிட்டு அடித்து உடம்பு உருகியது. கோழிச் சூப்பு கொடுத்தால்தான் தெம்பு வரும் என்று டாக்டர் சொன்னார். அண்ணியும் நானும் இந்தத் தடவை எதையும் மறைக்கவில்லை. சீன அக்கா வைத்துக் கொடுத்த சூப்பை அண்ணன் கண்ணெதிரிலேயே கொண்டுபோய் வைத்து, இன்னது என்று சொன்னோம். அண்ணன் வாசனையைப் பிடித்துவிட்டுச் சிரித்தார்.

"அவனுக்கு வாய் இல்ல. என் சைவத்த எட்டு வருஷம் அவன் தலையில கட்டினேன், பாவம், பொறுத்துக்கிட்டான். எனக்கு வாய் இருக்கும்மா. தயிர்சாதம் போதும். அதை வீணாக்காதீங்க, பின்னால ஏதாச்சும் நாய் கிடக்கும், ஊத்துங்க."

ஊற்றினோம். மூன்றாம் நாள் காலை, கடையில் முதல் ஈடு இட்லி இறங்கும் நேரத்தில் அண்ணன் எங்களை விட்டுப் போனார்.

நோயில் துணை நின்ற டாக்டருக்கும், கடைசி வழியில் தோள் கொடுத்தவர்களுக்கும், பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ரயிலேறி வந்த பழைய நண்பர்களுக்கும், சீன அக்காவுக்கும், ஆற்றங்கரை மலாய்க்காரருக்கும், அந்த ரயில் கார்டு ஐயாவுக்கும், திரும்பி வந்து எங்கள் இலையில் உட்கார்ந்த பெரியவருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. இன்று அண்ணன் பெயரால் எல்லோருக்கும் சைவ விருந்து. அவர் சொல்லிக் கொடுத்த பக்குவத்தில் அண்ணி சமைத்திருக்கிறார். இருந்து சாப்பிட்டுப் போக வேண்டும். பந்தி முடிந்து கை கழுவப் போகும்போது பின்வாசலில் ஒரு பழைய தகரக் கிண்ணத்தைப் பார்ப்பீர்கள். பக்கத்தில் தெருநாய்கள் காத்திருக்கும். அதில் என்ன ஊற்றியிருக்கிறது என்று யாரும் கேட்க வேண்டாம். அண்ணன் இருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்.