அடுத்த வாரம் வரும்

சித்தியின் கடைக்கு வருகிறவர்களின் தலைதான் முதலில் தெரியும். மருந்துக் கடைக்கு மேலே, முதல் மாடி. படிக்கட்டு செங்குத்து. தலை, தோள், இடுப்பு என்று ஆள் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து வருவதற்குள் சித்தி ஹேங்கர்களைத் தள்ளத் தொடங்கியிருப்பாள். தோள் தெரிந்தால் போதும், அளவு தெரிந்துவிடும். “முப்பத்தாறு. கை மட்டும் நீளம்” என்று என்னிடம் முணுமுணுப்பாள். வந்தவர் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் அவருக்கான கோட்டு மேஜைமேல் இருக்கும். கல்லாவுக்குள் ஒரு இஞ்ச் டேப் சுருண்டு கிடந்தது. அதைக் கையில் எடுப்பதைச் சித்தி தன் கண்ணுக்குச் செய்யும் துரோகமாக நினைத்தாள்.

அவள் விற்பது பெண்களுக்கான ஆபீஸ் உடை. கோட்டு, பேண்ட், முழுக்கைச் சட்டை. கறுப்பு, கருநீலம், சாம்பல். அதற்கு மேல் நிறம் கேட்டால், “பக்கத்துத் தெருவுல பாருங்க” என்பாள்.

இந்தத் தொழிலுக்கு அவள் சலவைக் கடை வழியாக வந்தாள். பல வருடம் இஸ்திரி மேஜையில் நின்றவள். வங்கிக்காரர்கள், வக்கீல்கள், காப்பீட்டுக் கம்பெனிக்காரர்கள் எல்லோருடைய கோட்டும் அவள் கைவழியாகத்தான் போனது. எந்த லைனிங் அக்குளில் முதலில் கிழியும், எந்தக் காலர் ரெண்டு சலவைக்குள் நாக்கை நீட்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. ஒருநாள் தோள்பட்டை பிய்ந்து தொங்கிய ஒரு புதுக் கோட்டைத் தூக்கிப் பிடித்து, “இதை வித்தவங்களுக்கு ராத்திரி தூக்கம் எப்படி வருது?” என்று கேட்டாளாம். அடுத்த வருடம் அவளே விற்க உட்கார்ந்துவிட்டாள்.

சித்தப்பா பேருந்துக் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பர் படிப்பதும், யாரும் கேட்காத கருத்தைச் சொல்வதும் அவர் பொறுப்பு. சனிக்கிழமைகளில் நான் போவேன். கடிதம், இணையம், இன்னொரு மொழியில் எழுதவேண்டியவை எல்லாம் என் பங்கு.

கடையில் அடிக்கடி கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு. மொத்த வியாபாரியிடமிருந்து வரும் கட்டுகளில் நாற்பதுக்கு மேல் அளவு இருக்காது. படிக்கட்டில் அகலமான தோள் எழுந்தால் சித்தி ஹேங்கரைத் தொடமாட்டாள். வந்தவர் மேலே வந்து நின்றதும் சிரித்தபடி சொல்வாள்: “உங்க சைஸ் இப்பதாம்மா தீர்ந்துச்சு. அடுத்த வாரம் வரும்.”

அது வந்ததே இல்லை. அப்படித் திரும்பிப்போனவர்களுக்குச் சித்தப்பா ‘அடுத்த வாரத்துக்காரங்க’ என்று பெயர் வைத்திருந்தார். “இன்னைக்கு அடுத்த வாரத்துக்காரங்க மூணு பேர் போலிருக்கே” என்பார், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

“வேற என்ன சொல்லச் சொல்றீங்க? உங்களுக்கு இல்லைன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னா மனசு நோகும்ல?”

சித்தி அதைப் பொய் என்று நினைக்கவில்லை. மரியாதை என்று நினைத்தாள்.

எங்கள் கடைக்கு எதிரே ஓர் உயரமான கட்டடம் எழும்பி, அலுவலகங்கள் குடிவந்து, காலையில் சாலையே அடைபடத் தொடங்கியது. அத்தனை பேரும் ஆபீஸ் உடை போடுகிறவர்கள். அதில் பாதிப் பேருக்கு மருந்துக் கடைக்கு மேலே ஒரு கடை இருப்பதே தெரியாது. கட்டடத்தின் தரைத்தளத்தில், வாசலை ஒட்டிய மூலையறை மட்டும் காலியாக இருந்தது. துணிக்கடைக்கு வாடகைக்கு விடப்போவதாக அறிவிப்பு ஒட்டினார்கள்.

“அது நமக்கு வந்தா நாம பொழைச்சோம்” என்றாள் சித்தி. “வேற எவனாவது அங்க கோட்டுக் கடை போட்டா, இந்தப் படியேறி ஒரு ஈ கூட வராது.”

விண்ணப்பத்தை நான் எழுதினேன். ஒரு சனிக்கிழமை பதில் வந்தது. வரும் புதன்கிழமை நேரில் வரவேண்டும், அலுவலக உடையில் வரவேண்டும். வாசித்துக் காட்டியதும் சித்தி இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள்.

“கோட்டுக் கடைக்காரியைப் பார்த்துக் கோட்டுப் போட்டுட்டு வான்னு சொல்றாங்க, கேட்டீங்களா?”

“போட்டுத்தான் காட்டேன்” என்றார் சித்தப்பா. “நானும் பார்த்ததில்லை.”

உண்மைதான். சித்தி எப்போதும் தொளதொளவென்று ஒரு நீள மேல்சட்டையும் எலாஸ்டிக் வைத்த பேண்டும்தான் போடுவாள். நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிறவளுக்கு அதுதான் வசதி. இருப்பதிலேயே நல்ல கருநீலக் கோட்டை எடுத்து ஒரு கையை நுழைத்தாள். மறு கை முழங்கையோடு நின்றுவிட்டது. அடுத்த அளவை எடுத்தாள். கை போனது, முன்பக்கம் இரண்டும் ஒன்றையொன்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இருந்ததில் பெரிய அளவும் அப்படியேதான். அவள் முகத்தில் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது.

கடைசியில் கல்லாவைத் திறந்து டேப்பை எடுத்தாள். மார்பைச் சுற்றிப் பிடித்து, கண்ணாடியில் பார்த்து, மறுபடி பிடித்தாள். நாற்பத்தாறு.

“டேப் சுருங்கிப்போச்சு” என்றாள்.

“டேப்பா?” என்றார் சித்தப்பா. “கல்யாணத்துக்கு வாங்கின பெல்ட்டும் என்கிட்ட அதையேதான் சொல்லுது.”

ஊரையே கண்ணால் அளந்தவள் தன்னை ஒருமுறைகூட அளக்கவில்லை. எலாஸ்டிக் எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. கோட்டைப் பழையபடி மாட்டிவிட்டு, “பாப்பா, செருப்பைப் போடு” என்றாள் என்னிடம்.

கடைவீதியில் மூன்று மாடியும் கண்ணாடியுமாக ஒரு பெரிய துணிக்கடை. லிப்ட் உண்டு. சித்தி இத்தனை வருடத்தில் அதற்குள் காலடி வைத்ததில்லை. பெண்கள் பிரிவில் ஒரு விற்பனைப் பெண் எங்களைப் பார்த்தாள். கோட்டு என்றதும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கில்லை, சித்திக்கு என்றதும் சித்தியின் தோளைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும்.

“உங்க சைஸ் இப்பதான் ஆன்ட்டி தீர்ந்துச்சு. அடுத்த வாரம் வரும்.”

சித்தி அமைதியாகக் கேட்டாள், “எந்தக் கிழமை?”

அந்தப் பெண்ணை இதற்கு முன் யாரும் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. “அது... வந்ததும் போன் பண்ணுவோம் ஆன்ட்டி.”

“என் நம்பர் வேணாமா?”

அவள் பேனாவைத் தேடினாள். சித்தி அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். “விடு கண்ணு. தேடாதே. நானும் இதைத்தான் சொல்வேன்.”

படியிறங்கும்போது முதல் மாடியில் ஆண்கள் பிரிவு. சித்தி சட்டென்று உள்ளே திரும்பினாள். வரிசையாகத் தொங்கிய கோட்டுகளின் அளவுச் சீட்டை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே நடந்தாள். முப்பத்தாறில் தொடங்கிய வரிசை ஐம்பத்திரண்டில் போய் முடிந்தது.

“பாரேன் பாப்பா. தொப்பை வெச்ச ஆம்பளைக்கு மட்டும் போன வாரமே வந்துடுச்சு.”

சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்து உட்புறத்தைத் திருப்பி லைனிங்கை விரலால் தேய்த்தாள். அவள் கை தானாக ஒரு பைக்குள் போனது. பிறகு இன்னொரு பைக்குள். “உள்ளேயே மூணு பாக்கெட்” என்றாள், புதையல் எடுத்தவள் மாதிரி. அவள் விற்கும் கோட்டுகளில் பாக்கெட் என்று வெளியே ஒரு மடிப்பு இருக்கும், விரல்கூட நுழையாது. யாருக்கு என்று விற்பனையாளர் கேட்டதற்கு, “வீட்டுல ஒருத்தர் இருக்காங்க” என்று சொல்லி வாங்கிவிட்டாள்.

எங்கள் கடைக்குப் பின்னறையில் உடை திருத்தும் தையல்காரர் இருக்கிறார். எதைக் கொடுத்தாலும் ‘அரை இஞ்ச் இருந்தா சரியாயிடும்’ என்பதால் அவருக்கு அரை இஞ்ச் என்றே பெயர். கோட்டைப் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“அக்கா, இது ஆம்பளைக் கோட்டு.”

“தெரியும் மாஸ்டர். காசு கொடுத்தவளே நான்தான்.”

“தோளை உள்ளே எடுக்கணும், இடுப்பு பிடிக்கணும், கை குட்டை பண்ணணும். பட்டன் வேற வலப்பக்கம்.”

“பட்டன் வலப்பக்கம் இருந்தா கட்டடம் இடிஞ்சு விழுமா? பாக்கெட்ல மட்டும் கை வெச்சீங்கன்னா பாருங்க.”

அவர் அவளைச் சுற்றிச் சுற்றி வந்து ஊசி குத்தினார். சித்தி கையை விரித்துக்கொண்டு பொம்மை மாதிரி நின்றாள். பாதியில் அவர் தயங்கி, “அக்கா, தோள்ல அரை இஞ்ச்...” என்றார்.

“எடுங்க.”

“எடுக்கறேன்க்கா. ஆனா கைச் சுத்துல விடணும். எல்லாரும் பெரிய ஆளுன்னா எல்லாப் பக்கமும் பெரிசு பண்ணிடறாங்க. உங்களுக்குத் தோள் சின்னது, மார்பும் கையும்தான் பெரிசு. பொம்பளைங்க நிறையப் பேருக்கு அப்படித்தான்.”

சித்தி கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். “இதை ஏன் மாஸ்டர் இத்தனை நாளா சொல்லல?”

“நீங்கதான் அவங்களை என் அறை வரைக்கும் விட்டதே இல்லையே.”

கோட்டு முடியும் வரை சித்தி அங்கேயே நின்று அவர் ஊசி போகும் இடத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்துப் போட்டதும் அவள் முதுகு நிமிர்ந்துவிட்டது. சித்தப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பார்த்தார். “டிக்கெட் இல்லாம ஏறினாலும் நான் கேட்டிருக்கமாட்டேன்” என்றார். அவர் வாயிலிருந்து அதற்குமேல் பாராட்டு வராது.

புதன்கிழமை கட்டட நிர்வாக அலுவலகத்தின் சோபாவில் எங்களுக்கு முன்பே ஓர் இளைஞர் இருந்தார். அந்த மூன்று மாடிக் கடை முதலாளியின் மகன். அவரும் மூலையறைக்குத்தான் வந்திருந்தார். சித்தியின் கோட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கோட்டு ரொம்ப நல்லா இருக்கு மேடம். எங்க வாங்கினீங்க?”

“உங்க கடையிலதான் தம்பி.”

அவர் முகம் மலர்ந்தது. “எங்க லேடீஸ் செக்‌ஷன்லயா?”

“இல்ல. ஜென்ட்ஸ்.”

அவர் பார்வை வலப்பக்கத்துப் பட்டனுக்குப் போனது. சித்தியை முதலில் கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே மேலாளர் ஒருவர், பக்கத்தில் கணக்குப் பிரிவைச் சேர்ந்த அம்மா ஒருவர். மேலாளர் இரண்டு மொழியும் கலந்து பேசினார். தேவைப்பட்டால் உதவ நான் இருந்தேன், தேவைப்படவில்லை. ‘தரமான உடை, நியாயமான விலை’ என்று நான் எழுதிக்கொடுத்துச் சித்தி மனப்பாடம் செய்திருந்த பதில் அப்படியே இருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

“உங்களுக்கு ஏன் தரணும்?” என்று அவர் கேட்டதும் சித்தி நாற்காலியில் முன்னே நகர்ந்தாள்.

“எதிர் மாடி ஜன்னல்லேருந்து தினம் காலையில உங்க வாசலைப் பார்க்கறேன் சார். உள்ளே போற பெண்கள்ல நிறையப் பேரை நான் கடையிலேருந்து திருப்பி அனுப்பியிருக்கேன். அவங்க சைஸ் என்கிட்ட இல்ல. கடைவீதியிலயும் இல்ல, சனிக்கிழமை நானே போய்ப் பார்த்துட்டேன். வெளியில ஒருத்தர் உக்காந்திருக்காரே, அவர் கடையிலதான்.”

“அப்ப உங்க கடையிலயும் இல்லைங்கறீங்க.”

“இதுவரைக்கும் இல்ல.”

“இப்ப ஸ்டாக் எவ்வளவு இருக்கு?”

“ஒண்ணு. போட்டிருக்கேன்.”

மேலாளர் சிரித்துவிட்டார். கணக்கு அம்மா சிரிக்கவில்லை. மேஜைக்குக் குறுக்கே சாய்ந்து, “பாக்கெட் நிஜமா?” என்று கேட்டார்.

சித்தி எடுத்து வைக்கத் தொடங்கினாள். மூக்குக்கண்ணாடி, இஞ்ச் டேப், கடைச் சாவி, சித்தப்பாவின் மாத்திரை அட்டை. “இது எப்படி வந்துச்சுன்னு தெரியல” என்று மாத்திரையை மட்டும் திரும்ப உள்ளே போட்டுக்கொண்டாள்.

“திறப்பு நாளைக்குள்ள எல்லா அளவும் கடையில இருக்குமா?” என்றார் மேலாளர்.

“தையல்காரர் என் பின்னறையிலேயே இருக்கார். என் அளவை வெச்சே மாதிரிக் காகிதம் வெட்டிட்டோம். இருக்கும்.”

‘வெட்டிட்டோம்’ என்பது அப்போது உண்மையில்லை. அன்று மதியமே உண்மையாகிவிட்டது. கோட்டைக் கழற்றிய கையோடு அதைப் பின்னறை மேஜையில் விரித்துப்போட்டு, “மாஸ்டர், காகிதத்தையும் கத்தரியையும் எடுங்க” என்றாள்.

பதில் வர அதிக நாள் ஆகவில்லை. மூலையறையை நடுவில் தடுத்து இரண்டாக்கிவிட்டார்கள். ஒரு பாதியில் அந்த இளைஞரின் ஆண்கள் பிரிவு. மறுபாதி, வாசல் பக்கம், சித்திக்கு. பாதிதானா என்று நான் தயங்கியபோது, “வாசல் நம்ம பக்கம்ல?” என்றாள். மொத்த வியாபாரியைத் தொலைபேசியில் கூப்பிட்டு, வழக்கமான கட்டோடு பெரிய அளவுக்கு மீட்டர் கணக்கில் துணியும் வேண்டும் என்றாள். அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னாரோ, சித்தி என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுக் கேட்டாள்: “எந்தக் கிழமை?”

புதுக் கடையில் படிக்கட்டு இல்லை. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஆள் முழுதாக வந்து நிற்கிறார். அளவை ஊகிக்க அவகாசமே கிடைப்பதில்லை என்று சித்திக்கு முதல் இரண்டு நாள் குறை. காட்சிக்கு வைக்கும் பொம்மைகளும் ஒல்லியாகத்தான் கிடைத்தன. சித்தப்பா பழைய தலையணைப் பஞ்சைப் பிரித்து ஒரு பொம்மைக்குத் தோளும் வயிறும் வைத்துக் கட்டினார். அது கொஞ்சம் சரிந்து நின்றாலும் புதிதாகத் தைத்த சாம்பல் கோட்டில் எடுப்பாக இருந்தது. “என்னை மாதிரியே இருக்கு” என்றார்.

மூன்றாம் நாள் காலையில் ஒரு பெண் உள்ளே வராமல் வாசலிலேயே நின்று அந்தப் பொம்மையைப் பார்த்தாள். எனக்கு அவளை நினைவிருந்தது. மாடிக் கடைக்கு மூச்சு வாங்க ஏறிவந்து, நன்றி சொல்லிவிட்டு இறங்கிப்போனவள். அவளுக்கும் சித்தியை நினைவிருந்தது.

“அடுத்த வாரம் வரும்னு சொன்னீங்க” என்றாள். குரலில் கோபம் இல்லை. “அது போன வருஷம்.”

“லேட்டாயிடுச்சும்மா” என்றாள் சித்தி. கோட்டுப் பாக்கெட்டிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து உதறினாள். “உள்ளே வாங்க. கையைத் தூக்குங்க.”