கூரை இல்லாத கோட்டை

என் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர், நான் பொள்ளாச்சி. கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரு கோட்டையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார். நியூஜெர்சிக்கு வருவதற்கு முன், இளம் டாக்டராக ஸ்காட்லாந்தில் ஒரு தீவில் இரண்டு வருடம் வேலை பார்த்திருக்கிறார். அந்தக் கடற்கரை ஊரின் நடுவில்தான் கோட்டை. “அப்பிடி ஒரு இடம் நீர் பாத்திருக்க மாட்டீர்” என்பார். நான் மைசூர் அரண்மனை மாதிரி ஒன்றைக் கற்பனை செய்துவைத்திருந்தேன்.

போன கோடையில், எங்கள் ஊரான வெஸ்ட் வின்ட்சரில் மகளுக்குப் பள்ளி விடுமுறை விட்டதும் கிளம்பினோம். விமானம், ரயில், கடைசியில் கப்பல். இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்ததும் அவர் நின்றுவிட்டார். அகழியில் வாத்துகள். நடுவே வட்டமாக, இடிந்த கல்சுவர். உள்ளே வெறும் புல்.

“அம்மா, இட் ஹேஸ் நோ ரூஃப்!” என்றாள் மகள். பன்னிரண்டு வயது.

“ஏங்க, இதைப் பாக்கவா இவ்ளோ தூரம் கூட்டிட்டு வந்தீங்க?”

அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. குறுகலான படிகளில் விறுவிறுவென்று ஏறினார். பின்னாலேயே போனோம். மதில்மேல் நல்ல காற்று. ஒரு மூலைக் கல்லில் போய் உட்கார்ந்தார்.

“டாக்டர்மாரின்ர மேற்படிப்புச் சோதினை ஃபெயிலான அண்டைக்கு இஞ்சதான் வந்து இருந்தனான்.”

பதினாறு வருடத்தில் நான் கேள்விப்படாத விஷயம். இவர் எதிலும் தோற்றதில்லை என்றுதான் அவர் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள்.

“வேலைய விட்டுட்டு ஊருக்குப் போவம் எண்டு நினைச்சன். பூட்டுற நேரம் டிக்கெட் குடுக்கிற மனுசி மேல வந்தவ. ஒண்டும் கேக்கேல்ல. ஃப்ளாஸ்க்கில இருந்து தேத்தண்ணி ஊத்தித் தந்திட்டுப் பக்கத்திலயே நிண்டவ. அண்டைக்கு அரை மணித்தியாலம் பிந்தித்தான் பூட்டினவ.”

“வீட்டுல சொன்னீங்களா?”

“இல்ல. அடுத்தமுறை பாஸ் பண்ணின பிறகும் சொல்லேல்ல.”

முந்தின மாதம் கணக்குப் பரீட்சையில் மதிப்பெண் குறைந்ததற்காகக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதவள் என் மகள். அவரை உற்றுப் பார்த்தாள்.

“டிட் யூ க்ரை, அப்பா?”

“நல்லா அழுதனான்.”

“வாஸ் தி டீ குட்?”

“சீனியே இல்ல!”

இருவரும் சிரித்தார்கள். பிறகு மதிலைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். நான் கீழே புல்லில் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டேன். கூரை இல்லாததும் நல்லதுதான், வெயில் இதமாக இருந்தது. திரும்ப வேண்டிய கப்பலைத் தவறவிட்டோம். அடுத்தது வரும்வரை கடற்கரை பெஞ்சில் சூடான பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டோம். கைப்பையிலிருந்து மிளகாய்ப்பொடியை எடுத்தேன். மூவரும் அடித்துக்கொண்டு காலி செய்தோம்.