சவுண்ட் செல்வராசா சும்மா இருந்த நேரம்

எங்கள் விசுவமடுவில் கலியாணமோ, சாமத்தியவீடோ, கோயில் திருவிழாவோ, எது நடந்தாலும் முதலில் வந்து இறங்குவது செல்வராசாவின் ஸ்பீக்கர் பெட்டிகள்தான். சவுண்ட் செல்வராசா என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவன் என் தங்கச்சியின் புருசன். பெட்டிகளை ஏற்றி இறக்குவது என் சின்னப் பட்டா லொறி. ஆகவே அவனைக் குறை சொல்ல இந்த ஊரில் எனக்குத்தான் முதல் உரிமை.

குறை ஒன்றுதான். ஆளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ஐயர் மந்திரத்துக்கு நடுவில் மூச்சு வாங்கினால் அந்த இடைவெளிக்குள் ஒரு நாதஸ்வரத்தைச் செருகுவான். பேச்சாளர் தண்ணீர் குடித்தால் அதற்கும் ஒரு பாட்டு. வீட்டில் கண் விழித்த கையோடு ரேடியோ. தங்கச்சி தலையில் அடித்துக்கொள்வாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன்.

"உனக்கு என்னடாப்பா வருத்தம்? கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்தால் செத்தா போவாய்?"

"சண்டைக்குள்ளை நீயும் பாத்தனிதானே மச்சான். சத்தம் நிண்டால்தான் பயம். அடுத்தது எங்கை விழும் எண்டு பங்கருக்குள்ளை காதைத் தீட்டிக்கொண்டு இருக்கோணும். எனக்கு அந்த அமைதி இனி வேண்டாம்."

பாட்டைப் போடட்டும், பாவி.

போன ஆவணியில் அவன் மகள் யதுர்ஷிகா கிளிநொச்சியில் மேடையேறினாள். ஒரே மாலையில் இரண்டு நடனங்கள். முதலாவதை அமைத்தவர் கண்டியைச் சேர்ந்த நிலூகா. இரண்டாவது, செனகல் நாட்டிலிருந்து வந்த மமாதுவுடையது. எங்கள் பிள்ளை அதில்தான் ஆடினாள். சலங்கையும் இல்லை, நெற்றிச்சுட்டியும் இல்லை. "வீட்டிலை போடுற காற்சட்டையோடை ஆடுறாளாம், அண்ணை. எப்பிடிச் சனத்தின்ரை முகத்திலை முழிக்கிறது?" என்று தங்கச்சி என்னிடம் அழுதாள். செல்வராசாவுக்கோ கால் நிலத்தில் படவில்லை. மகளின் ஆட்டத்துக்குத் தகப்பனின் சவுண்ட் அல்லவா!

அதற்கு முதல் நாள் ஒத்திகை. நிலூகாவின் நடனம் முழுக்கக் கண்டி மேளம். செல்வராசா கதிரையில் இருந்தபடியே ஆடினான். இதுவே இப்படியென்றால் ஆபிரிக்காக்காரனின் மேளம் எப்படியிருக்கும் என்று நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். மமாதுவின் நடனமோ பாட்டோடு தொடங்கி, நடுவில் பாட்டு பொசுக்கென்று நின்றது. பிள்ளைகள் மேடையில் அசையாமல் நின்றார்கள். பென் டிரைவ் பழுதாய்ப் போச்சு என்று நினைத்த எங்கள் கெட்டிக்காரன், மானத்தைக் காப்பாற்றவென்று பிள்ளையார் பாட்டு ஒன்றைப் போட்டான்!

மமாது மேடையிலேயே குந்தியிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். யதுர்ஷிகா சிரிக்கவில்லை. நேரே இறங்கி வந்தாள்.

"அப்பா, அது பழுதில்லை. அந்த இடத்திலை பாட்டே இல்லை. நான்தான் முதல்லை காலை வைப்பன். என்ரை கால் சத்தத்தைக் கேட்டுத்தான் மற்ற ஆக்கள் ஆடுறவை. நாளைக்கும் கை வைச்சியள் எண்டால் எல்லாம் குழம்பிப் போகும்."

"வைக்கமாட்டன், பிள்ளை."

அவள் போனதும் என் பக்கம் திரும்பினான். "மச்சான், நாளைக்கு எனக்குப் பக்கத்திலை இரு. கை போனால் அடி."

அடுத்த நாள் மண்டபம் நிரம்பி வழிந்தது. நிலூகாவின் மேளத்துக்கு விசில் பறந்தது. பிறகு மமாதுவின் நடனம். அந்த இடம் வந்தது. பாட்டு நின்றது.

"சவுண்ட் அண்ணை, நித்திரையோ?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். "வயர் கழண்டு போச்சுப் போல, பாருங்கோ!" என்று இன்னொருத்தி. முன்வரிசையில் இருந்த எங்கள் கோயில் தலைவர் முத்துலிங்கம் கதிரையோடு திரும்பி இவனை முறைத்தார். இத்தனை வருசத் தொழிலில் இப்படியொரு பேச்சை அவன் வாங்கியதில்லை. நெற்றி வேர்த்து ஒழுகியது. கை மெல்ல சவுண்ட் மிக்சர் பக்கம் போனது. நான் அடிக்கக் கையை ஓங்கினேன். அதற்குள் அவனே இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து, அதன்மேல் அமர்ந்துகொண்டான்.

மேடையில் யதுர்ஷிகா காலை வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. சனத்தின் கதையும் மேலே சுழன்ற காத்தாடிகளின் கடகடப்பும் அந்தச் சத்தத்தை விழுங்கிவிட்டன. மற்றப் பிள்ளைகள் தடுமாறினார்கள். ஒருத்தி பிழையான பக்கம் திரும்பினாள்.

செல்வராசா துள்ளி எழும்பினான். "டேய், இரடா!" என்று சேட்டுக் கொலரைப் பிடித்தேன். உதறிவிட்டுப் போனான். மிக்சருக்கு இல்லை, சுவருக்கு. அங்கிருந்த காத்தாடிச் சுவிச்சுகளைப் படபடவென்று நிற்பாட்டினான்.

"கதையாதேங்கோ! என்ரை பிள்ளை ஆடுறாள். காதைக் குடுங்கோ!"

மைக் இல்லாமல் கத்தினான். முத்துலிங்கம் உட்பட அத்தனை பேரும் வாயை மூடினார்கள்.

அப்போதுதான் கேட்டது. பலகையில் வெறுங்கால். ஒரு கால்தான் முதலில். அதைப் பிடித்துக்கொண்டு மற்றக் கால்கள். பிறகு மேடை முழுக்க. வேர்வையில் நனைந்தபடி சனம் பார்த்துக்கொண்டே இருந்தது. நான் அழுதேன், அதிலென்ன வெட்கம்?

முடிந்ததும் கைதட்டு ஓயவில்லை. மமாது ஓடிவந்து இவனை அலாக்காகத் தூக்கினான். பின்னால் யதுர்ஷிகா.

"அப்பா, ஃபானை நிப்பாட்டினது நீங்களோ?"

"ஓம் பிள்ளை. கனக்க வேர்த்ததோ?"

அவள் அவனைக் கட்டிப்பிடித்துச் சிரித்தாள். தங்கச்சி காற்சட்டையை மறந்து, பார்ப்பவர்களிடமெல்லாம் "என்ரை மகள்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

பெட்டிகளை ஏற்றிக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் புறப்பட்டோம். பரந்தன் சந்தி தாண்டியும் லொறியின் ரேடியோவை அவன் தொடவில்லை.

"என்னடாப்பா, சுகமில்லையோ?"

"அண்டைக்குச் சத்தம் நிண்டால் சாவு வந்தது, மச்சான். இண்டைக்கு நிண்டது, என்ரை பிள்ளை நடந்து வந்தாள்."

றோட்டைப் பார்த்து ஓட்டினேன். தருமபுரம் வரும்போது அவன் கை ரேடியோ பக்கம் போய், இடையில் நின்றது.

"போடவோ, மச்சான்?" என்றான்.

இத்தனை வருசத்தில் அவன் ஒருநாளும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.