மினுங்கிய புகையடுப்பு

புகை என்றால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பயம். அம்மாவுக்கு அது ஊரில் போரால் இடம்பெயர்ந்த காலத்துப் பயம். புகை எழுந்தால் மேலே போகிற விமானம் கண்டுவிடும் என்று பகலில் அடுப்பே மூட்டாமல் இருந்த குடும்பம் அவருடையது. எனக்கு அது கடிதப் பயம். சுவிஸின் ஷ்லீரன் நகரில் நாங்கள் இருக்கும் மாடி வீட்டில் மீன் பொரித்தாலே பக்கத்துக் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்கும். இரண்டு கிழமையில் வீட்டு நிர்வாகத்திடமிருந்து ஜெர்மன் மொழியில் ஒரு கடிதம் வரும். எட்டு வயதிலிருந்து அந்தக் கடிதங்களை வாசித்துச் சொல்வது நான்தான். அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர், அம்மா அதையும் முடிக்கவில்லை. வாசிக்கும்போது அவர்கள் இருவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். முகம் மாறாமல் வாசிக்க அந்த வயதிலேயே பழகிவிட்டேன்.

அதனால்தான், நான் வேதியியல் படித்து முடிக்கிற வருடம் அப்பா ஒரு புகையடுப்பு செய்விக்கப் போவதாகச் சொன்னபோது எனக்கு முதலில் அந்தக் கடிதங்கள்தான் ஞாபகம் வந்தன.

அப்பா ஓர் அலுவலக உணவகத்தின் சமையலறையில் வேலை செய்கிறார். அங்கே கூட வேலை செய்யும் சுவிஸ்காரர் ஒருவர் வீட்டில் புகையில் வேகவைத்த இறைச்சியைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அன்றிலிருந்து அப்பாவுக்கு அதே நினைப்பு. நகரசபை வாடகைக்குக் கொடுக்கும் தோட்டத்துண்டு ஒன்று பல வருடக் காத்திருப்புக்குப் பிறகு எங்களுக்குக் கிடைத்திருந்தது. அங்கே சனி, ஞாயிறுகளில் எல்லோரும் இறைச்சி சுடுவார்கள், யாரும் கடிதம் போடுவதில்லை. "உன்ர படிப்பு முடியிற அண்டைக்கு நாப்பது பேருக்கு நானே ஆட்டுத்தொடை புகையில வச்சுக் குடுக்கப் போறன்" என்றார்.

கடையில் விற்பவை சிறியவை, தகடும் மெல்லியது. ஒரு கிராமத்துக் கொல்லரிடம் கேட்டோம். அவர் அழகாக வரைந்து காட்டினார், ஆனால் அவர் சொன்ன விலை அப்பா நினைத்திருந்ததைப்போல இரண்டு மடங்கு. கடைசியில் அப்பாவின் நண்பர் ஒருவரிடம் போனோம். இரும்புப் பட்டறை ஒன்றில் இருபது வருடமாக ஒட்டு வேலை செய்பவர், ஓய்வு நேரத்தில் தன் கராஜில் கேற், படிக்கட்டுக் கைப்பிடி எல்லாம் செய்து கொடுப்பவர். நான் அவரை வெல்டர் மாமா என்பேன்.

தெரிவு செய்யும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். ஒரு கிழமை வாசித்தேன். நெருப்பு எரிகிற பெட்டி ஒரு பக்கம், இறைச்சி தொங்குகிற பெரிய உருளை மறுபக்கம், நடுவில் புகை போக ஒரு வாசல். தகடு நான்கு மில்லிமீற்றர். வெறும் கறுப்பு இரும்பு, உள்ளே எந்தப் பூச்சும் கூடாது. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

வெல்டர் மாமா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன பிள்ளை, எங்களுக்குள்ள கடதாசியோ? நாளைக்குக் கோட்டுக்குப் போகப் போறியளோ?"

அப்பா வெட்கப்பட்டுப்போனார். "சும்மா எழுதினது தம்பி. படிக்கிற பிள்ளையள் அப்பிடித்தான்."

"ஓம் அண்ணை, படிப்பு முத்தினால் இதுதான் வருத்தம்" என்று சிரித்தபடி தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். நான் சிரிக்கவில்லை. எழுதிக் கொடுத்ததில் எனக்குப் பெருமைதான்.

அதற்குப் பிறகு நடந்த ஒன்றை நான் அதிகம் பேரிடம் சொன்னதில்லை. கடைசிப் பரீட்சைக்கு முதல் நாள் ரயிலில் இருந்தபோது அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார்.

"பிள்ளை, அந்த அடுப்பு கறுப்பு எண்டு சொல்லினம். நல்ல காரியத்துக்குக் கறுப்பில ஒரு சாமான் முன்னுக்கு நிக்கிறதோ? வெள்ளி மாதிரி மினுங்கிற தகடும் இருக்காம். பிழை ஒண்டும் இல்லையே?"

மடியில் குறிப்புகள் விரிந்திருந்தன. "நிறம் எதுவா இருந்தா என்னம்மா, விடுங்கோ" என்றேன். பூச்சு வேண்டாம் என்று எழுதியவளும் நான்தான், அப்படிச் சொன்னவளும் நான்தான்.

விருந்து சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை பிற்பகல் வெல்டர் மாமா அடுப்பை வான் வண்டியில் ஏற்றித் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முதலில் வெறும் அடுப்பை ஒருமுறை எரித்து எடுக்க வேண்டும், பிறகுதான் சமைக்கலாம். அம்மா கற்பூரமும் தேசிக்காயும் கொண்டுவந்திருந்தார். வெயிலில் அடுப்பு கண் கூசும்படி மினுங்கியது. அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். குங்குமப் பொட்டு வைத்துவிட்டு, "வெள்ளிப் பாத்திரம் மாதிரி இருக்கு" என்றார்.

நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். நெருப்புப் பெட்டியின் தகட்டில், குளிர்காலக் காலையில் கார்க் கண்ணாடியில் படிகிற பனிப்பூக்களைப் போல வடிவங்கள் இருந்தன. துத்தநாகம் பூசிய தகட்டில்தான் அந்தப் பூக்கள் விழும். குடிநீர்த் தொட்டிக்கும் கூரைக்கும் அது நல்லது. நெருப்புக்குள் வைத்தால் அந்தப் பூச்சு எரிந்து புகையாகும். அந்தப் புகையைச் சுவாசிக்கக் கூடாது.

"மாமா, இது என்ன தகடு?"

"முதல்தரத் தகடு. பேரப்பிள்ளையள் காலத்துக்கும் கறள் பிடியாது. அக்கா கறுப்பு வேண்டாம் எண்டவ, நானும் தேடிப் பிடிச்சன்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இருபது வருடம் இரும்போடு இருக்கிற மனிதர். நாளைக்கு நாற்பது பேர். நான் ஆய்வுகூடத்தில் துத்தநாகத்தைக் குப்பியில் பார்த்தவள், அடுப்பில் பார்த்தவள் இல்லை. பிழையாக இருந்தால், படித்த பிள்ளை வாய்காட்டினாள் என்று கதை போகும். சரியாக இருந்தால் அப்பாவின் முகம் என்ன ஆகும்? இந்த இரண்டுக்கும் பயந்து கொண்டு, கைகளைப் பின்னால் கட்டியபடி நின்றேன். அப்பா பேர்ச் மர விறகுகளைக் கெட்டித்தனமாக அடுக்கி, நெருப்பு மூட்டினார்.

பத்து நிமிடத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு மூச்சு இலேசானது. பிறகு விறகு நன்றாகப் பிடித்தது. தகட்டின் மினுக்கம் மங்கி மஞ்சளாகியது. விறகின் நீலப் புகைக்குள்ளிருந்து வேறொரு புகை வந்தது. நல்ல வெள்ளை. பஞ்சு உதிர்வதைப் போலச் சின்னச் சின்னத் துகள்கள் பறந்தன. அப்பா முழங்காலில் நின்று, வாயை நெருப்புப் பெட்டிக்குக் கிட்டக் கொண்டுபோய், விட்டு விட்டு ஊதிக்கொண்டிருந்தார். ஊதிவிட்டு மூச்சை உள்ளே இழுத்தார்.

"அப்பா!"

நான் போட்ட சத்தத்தில் அம்மாவின் கையிலிருந்த தேசிக்காய் விழுந்தது. அப்பாவின் சட்டைக் கொலரைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தேன். அவர் புல்லில் விழுந்தார். "இந்தப் பக்கம் வாங்கோ எல்லாரும், காத்துக்கு எதிர்ப்பக்கம்!" நெருப்புப் பெட்டிக்குள் காற்று போகிற வாசலை விறகுக்கட்டையால் தட்டி மூடினேன்.

"என்ன பிள்ளை இது, தகப்பனைப் போட்டு விழுத்திறாய்?" வெல்டர் மாமா சிரிக்கப் பார்த்தார். "புது அடுப்பு எண்டால் முதல் புகை வரும்தானே. புத்தகத்தில இதை எழுதேல்லையோ?"

"எழுதியிருக்கு மாமா. இந்தப் பூச்சு எரிஞ்சு வாற புகை. இதைக் குடிச்சால் காய்ச்சல் வரும். குளிர் நடுங்கும், வாயில இரும்பு ருசி வரும்."

அவர் சிரிப்பை நிறுத்தினார்.

"இதை ஒட்டின அண்டைக்கு எனக்கு அப்பிடித்தான் இருந்தது" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "பட்டறையில நாங்கள் பூச்சுத் தகடு தொடுறதில்லை. குளிர் எண்டால் அப்பிடிக் குளிர். மனிசி நாவூறு எண்டு சொல்லிச் செத்தல் மிளகாய் சுத்திப் போட்டவள். அடுத்த நாளே விட்டிட்டுது. நாங்களும் மிளகாயாலதான் எண்டு நினைச்சம்." பிறகு அப்பாவைப் பார்த்தார். "அண்ணை, நீங்கள் எவ்வளவு இழுத்தனீங்கள்?"

"ஒண்டும் இல்லையடாப்பா" என்று அப்பா புல்லைத் தட்டிக்கொண்டு எழும்பினார். இருமினார்.

நஞ்சு பற்றி ஆலோசனை சொல்லும் இலக்கத்துக்கு அழைத்தேன். திறந்த வெளி, கொஞ்ச நேரம்தான், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்றார்கள். சில மணித்தியாலங்கள் கழித்துத்தான் காய்ச்சல் வரலாம், மூச்சு முட்டினால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள் என்றார்கள். அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். சொல்லும்போது முகத்தை மாற்றாமல் வைத்திருக்கப் பார்த்தேன். அன்று முடியவில்லை.

வீட்டில் அப்பாவைக் கதிரையில் இருத்தி, ஒவ்வொரு அரை மணிக்கும் காய்ச்சல் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கருவி கத்தும் வரைக்கும் எனக்கு உயிர் இல்லை. அம்மா எதிரில் இருந்தார். நான் ரயிலில் சொன்ன பதில் எங்கள் இரண்டு பேருக்கும் ஞாபகம் இருந்தது. ஆறு மணிக்கு அப்பாவின் கை குளிர்ந்திருந்தது. "ஜன்னல் திறந்து கிடக்கு, அதுதான்" என்றார் அவர். உண்மையில் திறந்துதான் கிடந்தது. எட்டு மணிக்கும் காய்ச்சல் இல்லை. "போதும் பிள்ளை, என்னை அவணில வேகிற பாண் மாதிரி அடிக்கடி திறந்து பாக்காதை" என்றார். அப்போதுதான் அழுதேன்.

விருந்துக்கு ஆட்டுத்தொடை வீட்டு அவணில்தான் வெந்தது. அடுப்பு பழுது என்று மட்டும் வந்தவர்களுக்குச் சொன்னோம். வெல்டர் மாமாதான் எழும்பி நின்று, "பழுது இல்லை, நான் பிழையான தகடு போட்டனான், பிள்ளை கண்டு பிடிச்சது" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்துக் கை தட்டினார்கள். பத்து நிமிடம் கண்டும் பேசாமல் நின்றவள் நான் என்று அவர்களில் யாருக்கும் தெரியாது.

மூன்று கிழமையில் அவர் கறுப்பு இரும்பில் திரும்பச் செய்துகொண்டு வந்தார். தாளையும் திருப்பித் தந்தார், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் சரி போட்டிருந்தார். அம்மா கறுப்பின் மேல் குங்குமப் பொட்டைப் பெரிதாக வைத்தார்.

இப்போதெல்லாம் அப்பா நான் போகும் வரை நெருப்பு மூட்டுவதில்லை. விறகை அடுக்கிவிட்டு, லைற்றரைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் பெட்டிக்குள் தலையை விட்டு ஒவ்வொரு மூலையும் பார்க்கிறேன். பார்க்க ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் இன்னொரு தடவை பார்த்த பிறகுதான் "ஓம்" என்கிறேன்.