அழுகல் காவல்

செம்பூரில் ரயில் பாதையை ஒட்டி எங்களுக்கு ஒரு கீரைத் தோட்டம் இருந்தது. எங்களுக்கு என்பது ஒரு பேச்சுக்குத்தான், நிலம் ரயில்வேயுடையது. யாரும் வந்து கேட்காததால் அப்பா பாலக்கும் தண்டுக்கீரையும் போட்டார், அம்மா கூடையில் வைத்து மாட்டுங்காவில் வீடு வீடாக விற்றாள், நாங்கள் சாப்பிட்டோம்.

நான் நான்காவது படிக்கும்போது பெய்த மழையில் பக்கத்துச் சாக்கடைக் கால்வாய் பொங்கி உள்ளே புகுந்தது. தண்ணீர் வடியாமல் நின்று பாத்தி முழுவதும் அழுகிப் போனது. அப்பா வழித்தெறிந்துவிட்டு மறுபடி விதைக்கத்தான் மண்வெட்டியை எடுத்தார். அதற்குள் தாராவியிலிருந்து மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பியான இவர், டிவியில் ஒரு செய்தி பார்த்துவிட்டால் மந்திரியே தன்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போன மாதிரி பேசுவார். பயிர் போன விவசாயிகளுக்கெல்லாம் சர்க்கார் நிவாரணம் கொடுக்கிறதாம்.

“ஆளு வந்து பாக்குத வரைக்கும் ஒரு தண்டக்கூட புடுங்காதீய, அத்தான். கெட்டது கெட்டபடி கெடக்கணும்.”

அப்படியே கிடந்தது. நாற்றம் எங்கள் சந்து வரைக்கும் அடித்தது. விற்கக் கீரை இல்லாமல் அம்மா பாத்திரம் தேய்க்கப் போனாள். திரும்பி வந்து பேசக்கூடத் தெம்பில்லாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவாள். அப்பா அழுகலைப் பார்த்தபடி பீடி பிடித்தார். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு அலுப்பாக இருக்கிறது. சந்திலிருந்த ஆடுகள் அந்த அழுகலையும் மேய வந்தன. பள்ளி விட்டதும் அவற்றை விரட்டுவது என் வேலை. நல்ல கீரையைக்கூட நான் அவ்வளவு கருத்தாகக் காத்ததில்லை. நான் விவசாயி மகள் என்று அதற்குமுன் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஒருவழியாக, தண்ணீர் புகுந்த வீடுகளை எழுத ஓர் அதிகாரி எங்கள் சந்துக்கு வந்தார். மாமா அவரைக் கையோடு தோட்டத்துக்கு அழைத்து வந்தார். நல்ல மனிதர்; மூக்கைக்கூடப் பொத்திக்கொள்ளவில்லை. பாத்திகளைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டுப் பேனாவைத் திறந்தார். பயிர் யாருடையது என்று ஹிந்தியில் கேட்டார். நிலம் ரயில்வேயுடையது என்பதால் எழுதுவதில் அவர்களுக்கும் ஒரு நகல் போகும், பரவாயில்லையா என்றார். எங்கள் பெயர் ரயில்வே வரைக்கும் போகப் போகிறது என்று எனக்கு ஒரே பெருமை.

அப்பா அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார்.

“கேத் கிதர் சாப்? காஸ் ஹை.”

வயல் எங்கே இருக்கிறது, இது வெறும் புல் என்றார். தானாக முளைப்பதாம்.

மாமா வாயைத் திறந்தார். அம்மா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். “எங்கப்பாதான் போட்டாரு” என்று நான் தமிழில் சொன்னேன். அதிகாரிக்கு விளங்கியதோ இல்லையோ, என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடிக்கொண்டு போய்விட்டார்.

அப்பா அப்போதே அழுகலை வழித்தெறிய ஆரம்பித்தார். நான் அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டேன். பொய் சொன்னதற்காக என்னை அடித்தவர் அவர். போதாததற்கு, நான் அத்தனை நாள் ஆடு விரட்டியதெல்லாம் புல்லுக்காக என்று ஆக்கிவிட்டார்.

சில நாள் கழித்து, அப்பாவுக்கு என்ன வேலை என்று டீச்சர் கேட்டார். புல் வெட்டுகிறார் என்றேன். தோட்டத்துக்கு வந்து அதை அப்பாவிடமே சொன்னேன், அவருக்கு உறைக்கட்டும் என்று.

புதிதாக முளைத்திருந்த பாலக்குக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர், தகர டின்னைக் கீழே வைத்தார்.

“நல்லா சொன்ன, ஏளா. யாரு கேட்டாலும் அப்படியே சொல்லு.”

ஈரக் கையால் என் தலையைத் தடவினார். நான் குத்திக் காட்டியதற்கு இந்த மனிதர் எதற்குச் சந்தோஷப்படுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.